கூரைக்கு வெளியே வந்த ஆட்டம்

"ஹாக்கி" என்ற சொல்லைக் கேட்டதும் நம் நாட்டாருக்கு மார்பு சற்று விரிவது இயற்கை. 1928-ம் வருஷம் ஆம்ஸ்டர்டாமிலும், 1932-ல் லாஸ் ஏஞ்சல்ஸிலும், 1936-ல் பெர்லினிலும் நம்மவர்கள் ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தை வென்று வந்தார்கள். இந்தியா அடிமை நாடாயிருந்த காலம் அது. தியான் சந்தின் கையிலிருந்த மட்டைக்கு மட்டும் அந்த விஷயத்தை யாரும் தெரிவிக்கவில்லை போலும். லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்கக் கோஷ்டியை நம்மவர்கள் 24-க்கு 1 என்ற கணக்கில் வென்றார்கள். அன்றைக்கு அமெரிக்கர்கள், "போகட்டும், புல்தரை ஹாக்கி இவர்களுடையது. நமக்குப் பனிக்கட்டி ஹாக்கி இருக்கிறது!" என்று தங்களைத் தேற்றிக்கொண்டிருந்தால் அதைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

அந்தப் பனிக்கட்டி ஹாக்கியைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்ல உத்தேசம். அதிலும், பேஸ்பால் என்னும் வேறோர் ஆட்டத்துக்கென்று கட்டிய மைதானத்தில், திறந்த ஆகாயத்தின் கீழே, செயற்கையாகப் பனிக்கட்டியை உண்டாக்கி, சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள் ஆடுகிறார்களே, அந்த விநோதத்தைப் பற்றி. இதில் நமக்கென்ன சம்பந்தம் என்று கேட்கும் நேயர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். சம்பந்தம் இருக்கிறது. நம் சென்னைக் கடற்கரையிலேயே இருக்கிறது.

ஏரியில் பிறந்த ஆட்டம்

முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வோம். பக்கத்துக்கு ஆறு பேர். காலில் கத்தி பொருத்திய பாதரட்சை. அதற்கு ஸ்கேட் என்று பெயர். கையில் வளைந்த மட்டை. அடிக்கப்படுவது பந்து அல்ல; மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள ரப்பர் வில்லை. அதை அவர்கள் "பக்" என்கிறார்கள். 200 அடி நீளம், 85 அடி அகலமுள்ள பனித்தளத்தின் மேல் இந்த வில்லை பறக்கும் வேகம், புதிதாய்ப் பார்ப்பவர் கண்ணுக்குப் பிடிபடாது. இருபது இருபது நிமிஷமாக மூன்று பகுதிகள். நடுநடுவே ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் மோதித் தள்ளுவதும் உண்டு. அது விதிக்கு விரோதமல்ல என்பது இந்த ஆட்டத்தின் விசேஷங்களில் ஒன்று.

இந்த ஆட்டத்துக்குத் தாய்வீடு கனடா. அங்கே குளிர்காலம் வந்துவிட்டால் குளமும் ஏரியும் கல்லாய் உறைந்து போகும். மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். பள்ளிக்கூடத்துப் பையன்கள் அதன் மேல் சறுக்கி ஓடி விளையாடுவார்கள். நோவா ஸ்கோஷியா பிரதேசத்தின் ஆதிக்குடிகளான மிக்மாக் மக்கள் மரத்தில் செதுக்கிக் கொடுத்த மட்டைகளுக்கு நாடெங்கும் கிராக்கி இருந்தது. ஆடுகளத்துக்கு வாடகை கிடையாது; விளக்குக்குச் செலவு கிடையாது. குளிர்காலம் தருமமாய்க் கொடுத்த மைதானம் அது.

இப்படி வெட்டவெளியில் ஆடிய ஆட்டத்தைக் கூரைக்குள் கொண்டுபோய் வைத்தது 1875-ம் வருஷம் மார்ச்சு 3-ந் தேதி. மான்ட்ரியால் நகரத்தில் விக்டோரியா சறுக்கு மண்டபத்தில், முன்கூட்டியே விளம்பரம் செய்து, பக்கத்துக்கு ஒன்பது பேராக ஆடினார்கள். கூரைக்குள் ஆடும்போது பந்து எகிறிப் பார்ப்பவர்களின் மூக்கைப் பதம் பார்த்துவிடக் கூடாதே என்பதற்காகப் பந்துக்குப் பதிலாகத் தட்டையான மர வில்லை ஒன்றை உபயோகித்தார்கள். இன்றைய "பக்" அதன் வழித்தோன்றல். மண்டபத்துக்குள் இருந்த பனிக்கட்டி மட்டும் அப்போதும் இயற்கையானதுதான்.

பிறகு 1911-ல் பாட்ரிக் சகோதரர்கள் என்ற இருவர், குளிர் அவ்வளவாக இல்லாத பசிபிக் கரையோர நகரங்களாகிய வாங்கூவரிலும் விக்டோரியாவிலும் யந்திரத்தால் பனிக்கட்டி உறையவைக்கும் அரங்கங்களைக் கட்டினார்கள். 1917-ல் தேசீய ஹாக்கி லீக் என்ற ஸ்தாபனம் மான்ட்ரியாலில் ஏற்பட்டது. 1924-ல் பாஸ்டன் நகரத்துப் புரூயின்ஸ் கோஷ்டி அதில் சேர்ந்தது. அமெரிக்காவிலிருந்து சேர்ந்த முதல் கோஷ்டி அதுவே. அதற்கப்புறம் ஆட்டம் பனி கொட்டாத ஊர்களுக்கெல்லாம் குடியேறிற்று. பணமும் புகழும் வளர்ந்தன. ஆனால் ஆட்டக்காரன் ஆகாயத்தைப் பார்ப்பது நின்று போயிற்று. கூரை, விளக்கு, யந்திரக் குளிர் இவையே அவன் உலகமாயின.

காலி மைதானம்

2008-ம் வருஷப் பிறப்பன்று லீக்கின் நிர்வாகிகள் ஒரு காரியம் செய்தார்கள். பபலோ நகரத்தில் ஒரு பெரிய கால்பந்து மைதானத்தில் பனித்தளம் அமைத்து, வெட்டவெளியில் ஆட்டம் நடத்தினார்கள். ஆட்டத்தின் நடுவே நிஜமாகவே பனி பொழிந்தது. எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் நனைந்துகொண்டே பார்த்தார்கள். நிர்வாகிகளுக்குப் பரம சந்தோஷம். மறு வருஷம், 2009 ஜனவரி 1-ந் தேதி, சிகாகோவில் ரிக்லி பீல்டு என்னும் பேஸ்பால் மைதானத்தில் அதே உற்சவம் நடந்தது. டெட்ராய்ட் கோஷ்டி 6-க்கு 4 என்று சிகாகோவை வென்றது. அதன் பிறகு பேஸ்பால் மைதானங்களுக்கே யோகம் அடித்தது. பாஸ்டன், பிலடெல்பியா, வாஷிங்டன், செயின்ட் லூயிஸ், நியூயார்க், மினியாபொலிஸ், ஸியாட்டில் என்று ஊர் ஊராய் நடந்திருக்கிறது.

பேஸ்பால் மைதானத்தை ஏன் தேடிப் போனார்கள்? பேஸ்பால் கோடைகாலத்து ஆட்டம். கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிந்துவிடும். குளிர்காலம் முழுவதும் நாற்பதினாயிரம், ஐம்பதினாயிரம் ஆசனங்கள் பனியை ஏந்திக்கொண்டு சும்மா கிடக்கும். சும்மா கிடக்கும் ஆசனத்தைக் கண்டால் எந்த முதலாளிக்குத்தான் மனம் பொறுக்கும்?

காரணம் அது மட்டுமன்று. அமெரிக்கர்களுக்குப் பழங்கோயில்கள் கிடையாது. பழைய மைதானங்கள் உண்டு. பாஸ்டனிலுள்ள பென்வே பார்க் 1912-ம் வருஷம் ஏப்ரல் 20-ந் தேதி திறக்கப்பட்டது. பெரிய லீக்குகள் ஆடும் பேஸ்பால் மைதானங்களில் அதுவே மிகப் பழையது. அதன் இடது கோடியில் 37 அடி உயரத்தில் ஒரு பச்சை மதில் நிற்கிறது. அதைப் "பச்சைப் பூதம்" என்று செல்லமாய் அழைக்கிறார்கள். மதிலின் அடியில் உள்ள கணக்குப் பலகையில் எண்களை இந்த மின்சார யுகத்திலும் ஆள் நின்று கையால் மாட்டுகிறான். பாட்டன், தகப்பன், பிள்ளை என்று மூன்று தலைமுறைகள் உட்கார்ந்து பார்த்த இடம். அங்கே என்ன நடந்தாலும் பாஸ்டன்வாசிகள் போவார்கள். பனிக்கட்டி ஹாக்கி நடக்கிறது என்றால் கேட்க வேண்டுமா?

ஆனால் ஓர் இடைஞ்சல் உண்டு. பேஸ்பால் மைதானம் விசிறி வடிவமானது. ஆசனங்கள் எல்லாம் பந்தை அடிப்பவன் நிற்கும் மூலையை நோக்கிப் போடப்பட்டவை. பனித்தளமோ நீண்ட சதுரம். அதை விசிறியின் நடுவில் கொண்டுபோய்ப் போட்டால், அநேகம் பேருக்கும் பனித்தளத்துக்கும் இடையில் வெகு தூரம் விழுந்துவிடும். மூன்று அங்குல வில்லையை அவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பது, மெரீனாவிலிருந்துகொண்டு கப்பலில் நிற்கும் மாலுமியின் மீசையைப் பார்ப்பது போலத்தான். கோல் விழுந்த செய்தியையே பக்கத்து ஆசனக்காரனின் கூச்சலிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். இருந்தும் வருகிறார்கள். ஏன் வருகிறார்கள் என்பதே யோசிக்க வேண்டிய விஷயம்.

பனிக்கட்டிச் சமையல்

அதற்கு முன்னால் பனித்தளம் தயாராகும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். கேட்கச் சுவையான பாகம் இது.

முதலில் புல்தரை கெடாமல் அதன் மேல் மேடை பரப்புகிறார்கள். மேடையின் மேல் அலுமினியத் தட்டுக்களை வரிசையாய் அடுக்குகிறார்கள். மைதானத்துக்கு வெளியே 53 அடி நீளமுள்ள ஒரு லாரி வந்து நிற்கிறது. அதனுள் இருப்பது குளிரூட்டும் யந்திரம். எளிதில் உறையாத கிளைகால் என்னும் திரவத்தை அது குளிரச் செய்து, குழாய் வழியாக அலுமினியத் தட்டுக்களுக்குள் ஓட விடுகிறது. தட்டுக்கள் சில்லிட்டதும், தண்ணீரைப் புகையைப் போல் நுண்ணிய திவலையாகத் தெளிக்கிறார்கள். தெளித்தது உறைந்த பிறகே அடுத்த தெளிப்பு. தோசைக்கல்லில் மாவைக் கொட்டுவதுபோல் ஒரே தடவையில் தண்ணீரைக் கொட்டினால் தளம் கோணலாகி வெடித்துப் போகும். ஏறத்தாழ 20,000 காலன் தண்ணீர் இப்படி மெல்ல மெல்ல ஏறி, இரண்டு அங்குலக் கனமுள்ள பனிக்கட்டியாகிறது. அதற்கு வெள்ளைச் சாயம் பூசி, சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் வரைந்து, மறுபடி மேலே தண்ணீர் தெளிக்கிறார்கள்.

இந்தக் காரியத்துக்கு வெகு காலம் தலைமை வகித்தவர் டான் கிரெய்க் என்ற கனடாக்காரர். எட்மண்டன் நகரத்து அரங்கத்தில் பனித்தளம் அமைத்துக் கீர்த்தி பெற்றவர். கூரைக்குள் அவருக்கு எதிரி கிடையாது. வெளியே வந்தாலோ எதிரிகள் நாலு பேர்: வெயில், மழை, காற்று, அளவுக்கு மீறிய குளிர். வெயில் பட்டால் பனிக்கட்டி இளகி, வில்லை வழுக்காமல் துள்ள ஆரம்பிக்கும். வெள்ளைத் தளத்தில் ஒளி பட்டுத் தெறித்து ஆட்டக்காரர்களின் கண்ணைக் கூசச் செய்யும். பிலடெல்பியாவில் 2012-ல் இந்த வெயிலுக்குப் பயந்து ஆட்டத்தையே இரண்டு மணி நேரம் தள்ளி வைத்தார்கள். மழை விழுந்தால் தளம் குண்டும் குழியுமாகும். காற்று அடித்தால் ஒரு கட்சிக்குச் சகாயம், மறு கட்சிக்கு விரோதம். ஆகையால் கடைசிப் பகுதியின் நடுவில் பக்கம் மாறிக்கொள்கிறார்கள். குளிர் மிஞ்சினால் பனிக்கட்டி கண்ணாடி போலாகிச் சில்லுச் சில்லாய்ப் பெயரும்.

இந்தக் கடைசி எதிரி நிஜமாகவே ஒரு தடவை வந்துவிட்டான். 2022 ஜனவரி 1-ந் தேதி மினியாபொலிஸ் நகரத்து டார்கெட் பீல்டில் செயின்ட் லூயிஸ் கோஷ்டி மினிசோட்டாவை 6-க்கு 4 என்று வென்ற ஆட்டம் அது. அன்று பாரன்ஹீட் கணக்கில் பூஜ்யத்துக்கும் கீழே ஏறத்தாழ 6 டிகிரி குளிர். அதாவது, தண்ணீர் உறையும் நிலைக்கும் 38 டிகிரி கீழே. குளிரூட்ட வந்த லாரி அன்று பனிக்கட்டிக்குச் சூடு கொடுக்க வேண்டியதாயிற்று! செயின்ட் லூயிஸ் ஆட்டக்காரர்கள் கடற்கரைக்குப் போகிறவர்களைப்போல் அரைக்கால் சட்டையும் ரப்பர்ச் செருப்புமாக மைதானத்துக்கு வந்து இறங்கினார்கள். தைரியத்தைக் காட்ட எத்தனையோ வழிகள் உண்டு. நான் சிபாரிசு செய்யக்கூடிய வழி அதுவல்ல.

பாஸ்டனில் ஒரு புத்தாண்டு

இந்த ஆட்டங்களுக்குள் என் மனத்துக்குப் பிடித்தது 2010 ஜனவரி 1-ந் தேதி பென்வே பார்க்கில் நடந்தது. பாஸ்டன் புரூயின்ஸும் பிலடெல்பியா பிளையர்ஸும் மோதின. 38,112 பேர் கூடியிருந்தார்கள். ஆரம்பத்தில் பாபி ஆர், பாபி கிளார்க் என்ற இரண்டு பழைய வீரர்கள் வந்து கை குலுக்கினார்கள். ஆர் பாஸ்டனுக்கு 1970-லும் 1972-லும் ஸ்டான்லி கோப்பையை வாங்கித் தந்தவர். கிளார்க் 1974-ல் பிலடெல்பியாவின் தலைவராயிருந்து, அதே பாஸ்டனைத் தோற்கடித்துக் கோப்பையைக் கொண்டு போனவர். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேற்பட்ட பகையை ஒரு கைகுலுக்கலில் முடித்துக்கொள்ள முடியுமானால் உலகத்தில் எவ்வளவோ சௌகரியம்!

பழையவர்கள் முடித்துக்கொண்டதைப் புதியவர்கள் தொடங்கினார்கள். முதல் பகுதியிலேயே இரு கட்சியிலும் ஒவ்வொருவர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குஸ்தியில் இறங்கினார்கள். இந்த ஆட்டத்தில் அதற்கும் ஒரு சம்பிரதாயம் உண்டு; அதைப் பற்றி நான் பெருமையாய்ச் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது பகுதியில் பாஸ்டனின் கோல் காவலரான டிம் தாமஸ், தம்மை மறித்து நின்ற எதிராளி ஒருவரைக் கோபத்தோடு தள்ளினார். கண் அந்தப் பக்கம் போயிற்று. வில்லை இந்தப் பக்கம் வந்தது. பிலடெல்பியாவின் டானி ஸிவ்ரட் அடித்த அந்தக் கோல், லீக் ஆட்டங்களில் அவருடைய முதல் கோல். கோபம் வந்தால் கோல் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பிறகு வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பொழுது சாயத் தொடங்கிற்று. ஆட்டம் முடிய இரண்டே கால் நிமிஷம் இருக்கையில் மார்க் ரெக்கி என்பவர் கோல் போட்டுச் சமமாக்கினார். அவருக்கு அப்போது வயது 41. கூட வந்த வாலிபர்கள் சிலர் அவர் முதன்முதல் லீக் ஆட்டம் ஆடியபோது தொட்டிலில் இருந்திருப்பார்கள். அதிகப்படி நேரம் கொடுத்தார்கள். இரண்டு நிமிஷம் ஆவதற்குள் மார்கோ ஸ்டர்ம் என்ற ஜெர்மானியர் வில்லையை உள்ளே தட்டிவிட்டார். பாஸ்டன் 2, பிலடெல்பியா 1. பச்சைப் பூதம் வரையில் ஆரவாரம் எழுந்தது.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த வருஷம் மே மாதம் இதே இரு கோஷ்டிகளும் கோப்பைப் போட்டியில் சந்தித்தன. முதல் மூன்று ஆட்டத்தையும் பாஸ்டன் வென்றது; அடுத்த நாலையும் பிலடெல்பியா வென்று பாஸ்டனை வீட்டுக்கு அனுப்பிற்று. ஆனாலும் பாஸ்டன்காரர் ஒருவரிடம் அந்த வருஷத்தைப் பற்றிக் கேட்டால், மே மாதத்தை மறைத்து ஜனவரியைப் பற்றித்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

புத்தாண்டு ஆட்டம் முடிந்ததும் பனித்தளத்தைப் பிரித்துவிடவில்லை. ஒரு வாரம் கழித்து, ஜனவரி 8-ந் தேதி, கலாசாலை மாணவிகளின் கோஷ்டிகளும் மாணவர்களின் கோஷ்டிகளும் அங்கே ஆடின. மாணவர்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்த கூட்டம் சம்பளக்காரர்களின் ஆட்டத்துக்கு வந்த கூட்டத்துக்குக் குறைந்ததன்று. பணத்துக்காக மட்டுமே இந்த உற்சவம் நடக்கிறது என்று சொல்கிறவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சென்னை சாப்பிட்ட பாஸ்டன் ஐஸ்

அந்தப் புத்தாண்டு தினத்தில் பாஸ்டனில் குளிர் எவ்வளவு? தண்ணீர் உறையும் நிலைக்குச் சில டிகிரி மேலேயே இருந்தது. லாரியிலுள்ள யந்திரம் நின்றிருந்தால் பனித்தளம் குளமாகியிருக்கும். இதைப் படித்தபோதுதான் எனக்குச் சென்னைக் கடற்கரையின் ஞாபகம் வந்தது.

பாஸ்டன் நகரத்தில் பிரெடரிக் டியூடர் என்று ஒருவர் இருந்தார். "ஐஸ் ராஜா" என்று அவருக்குப் பெயர். பாஸ்டனைச் சுற்றியுள்ள ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்து கிடப்பதைப் பார்த்தார். "உஷ்ண தேசத்து ஜனங்களுக்கு இதை விற்றால் என்ன?" என்று நினைத்தார். ஊரார் சிரித்தார்கள். 1806-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு முதல் கப்பல் புறப்பட்டது. பிறகு 1833-ம் வருஷம் மே மாதம் "டஸ்கனி" என்ற கப்பலில் 180 டன் பனிக்கட்டியை ஏற்றி, கல்கத்தாவுக்கு அனுப்பினார். நாலு மாதப் பிரயாணம். பூமத்திய ரேகையை இரண்டு தடவை கடக்க வேண்டும். செப்டம்பரில் கப்பல் ஹூக்ளி நதிக்குள் நுழைந்தபோது ஏறத்தாழ 100 டன் உருகாமல் மிச்சமிருந்தது!

நம் சென்னைக்கும் அந்தப் பனிக்கட்டி வந்தது. அதைச் சேமித்து வைப்பதற்காக 1842-ல் கடற்கரையில் வட்ட வடிவமாகக் கட்டிய மண்டபமே "ஐஸ் ஹவுஸ்". கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த ஐஸ் மண்டபங்கள் மறைந்து போயின. சென்னையில் உள்ளது மட்டும் நிற்கிறது. பாஸ்டனுக்கு அருகிலுள்ள பிரெஷ் பாண்டு என்னும் ஏரியிலிருந்து குதிரை பூட்டிய கத்திகளால் பாளம் பாளமாய் அறுத்தெடுத்த பனிக்கட்டி அது. அந்த ஏரிக்கும் பென்வே பார்க்குக்கும் சில மைல்தான் தூரம். 1846-47 குளிர்காலத்தில் டியூடரின் ஆட்கள் வால்டன் ஏரியிலும் வந்து வெட்டினார்கள். ஏரிக்கரையில் குடிசை போட்டு வசித்த தோரோ என்ற ஞானி அதைப் பார்த்தார். 1854-ல் வெளியான அவருடைய "வால்டன்" என்னும் நூலில் சென்னையின் பெயரும் வருகிறது. இந்தத் தோரோவின் சட்டமறுப்புக் கட்டுரைதான் மகாத்மா காந்தி படித்துப் போற்றியது என்பதை நேயர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

அந்த ஐஸ் பெரும்பாலும் துரைமார்களின் கண்ணாடிக் கிண்ணங்களுக்கே போய்ச் சேர்ந்தது. சென்னையின் ஏழை ஜனங்கள் மண்பானையை நம்பினார்கள். மண்பானை அவர்களைக் கைவிடவில்லை. 1870-க்குப் பிறகு நம் நாட்டிலேயே நீராவி யந்திரத்தால் ஐஸ் செய்யத் தொடங்கியதும் பாஸ்டன் வியாபாரம் கரைந்து போயிற்று. காலியான மண்டபம் பிறகு பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீலின் வாசஸ்தலமாயிற்று. மேல்நாட்டு யாத்திரையிலிருந்து திரும்பிய விவேகானந்த சுவாமிகள் 1897 பிப்ரவரியில் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம்.

எவ்வளவு விசித்திரமான மாறுதல் பாருங்கள்! ஒரு காலத்தில் பாஸ்டன் தனக்கு வேண்டியது போக மிஞ்சிய குளிர்காலத்தைக் கப்பலில் ஏற்றிச் சென்னைக்கு விற்றது. இன்று அதே பாஸ்டன், நடு ஜனவரியில்கூட இரண்டு அங்குலப் பனிக்கட்டிக்கு லாரியை எதிர்பார்க்கிறது.

பொய்யா, நினைவா?

ஆனால் பாஸ்டனாவது குளிர் பிரதேசம். 2014 ஜனவரி 25-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில், டாட்ஜர் ஸ்டேடியத்தில் இதே கூத்து நடந்தது. அந்த ஊரில் ஜனவரி என்றால் நம் ஊட்டியின் இளவேனில். சுற்றிலும் ஈச்ச மரங்கள். பகலெல்லாம் வெயிலைத் திருப்பியடிக்கும் போர்வையால் பனித்தளத்தைப் போர்த்தி, இரவில் திறந்து, திருடனைப்போல் இருட்டில் வேலை செய்து முடித்தார்கள். ஆட்டம் தொடங்கியபோது 60 டிகிரிக்கு மேல் உஷ்ணம். அனஹைம் கோஷ்டி 3-க்கு 0 என்று வென்றது. 54,099 பேர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

"இது பொய்யல்லவா? ஏரியில் ஆடிய பழங்காலத்தை நினைவூட்டுகிறோம் என்று சொல்லிவிட்டு, ஈச்ச மரத்தடியில் யந்திர ஐஸைப் போட்டு டிக்கெட் விற்கிறார்களே!" என்று கேட்கலாம். கேட்கிறவர்கள் அமெரிக்காவிலேயே இருக்கிறார்கள். டிக்கெட் விலையும் குடும்பத்தோடு போக நினைக்கும் தொழிலாளியை இரண்டு தடவை யோசிக்க வைக்கும் விலை. வருமானத்தைப் பங்கிடுவதில் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் தகராறு மூண்டு, முதலாளிகள் கதவடைப்புச் செய்தபோது, 2013-ம் வருஷத்துப் புத்தாண்டு ஆட்டமே ரத்தாயிற்று. பழமையின் மேலுள்ள பக்தி, பங்குக் கணக்கைத் தாண்டிப் போகவில்லை.

இவ்வளவும் உண்மை. ஆயினும் இந்த ஆட்டங்களை வெறும் வியாபாரம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வில்லை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், குளிரில் மூன்று மணி நேரம் நாற்பதினாயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், அவர்கள் கோலைப் பார்க்க வரவில்லை. அதை வீட்டில் டெலிவிஷனில் இன்னும் நன்றாய்ப் பார்க்கலாம். ஆட்டம் பிறந்த ஆகாயத்தைப் பார்க்க வந்திருக்கிறார்கள். ஆட்டக்காரர்களும் அப்படியே. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள் அன்று ஒரு நாள் கம்பளிக் குல்லாயைப் போட்டுக்கொண்டு, பெண்டு பிள்ளைகளையும் அழைத்து வந்து, முதல் நாள் பயிற்சியின்போது குழந்தைகளோடு குழந்தைகளாய்ச் சறுக்குகிறார்கள். தான் வந்த வழியை வருஷத்துக்கு ஒரு நாளாவது நினைத்துப் பார்ப்பது மனிதனுக்கு நல்லது. ஓர் ஆட்டத்துக்கும் நல்லது.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. நினைவூட்டப்படும் பொருளே மறைந்துகொண்டிருக்கிறது. கனடாவின் தலைநகரான ஆட்டவாவில் ரீடோ கால்வாய் குளிர்காலத்தில் உறைந்து, ஐந்து மைலுக்குச் சற்றுக் குறைந்த நீளத்துக்குச் சறுக்குப் பாதையாகும். 1970-71 முதல் ஒவ்வொரு குளிர்காலமும் அது ஜனங்களுக்குத் திறக்கப்பட்டு வந்தது. காசு கொடுக்க வேண்டாம். 2022-23 குளிர்காலத்தில்தான் முதன்முதலாக, பனிக்கட்டி போதிய கனம் ஏறாததால், ஒரு நாள்கூடத் திறக்க முடியாமல் போயிற்று. அந்நாட்டுச் சர்வகலாசாலை ஒன்றின் பூகோள ஆராய்ச்சியாளர்கள் 2013 முதல், கொல்லைப்புறத்தில் தண்ணீர் தேக்கிப் பனித்தளம் அமைத்துக்கொள்ளும் குடும்பங்களிடம், "இன்று உங்கள் வீட்டுத் தளத்தில் சறுக்க முடிந்ததா, இல்லையா?" என்று கேட்டுக் கணக்கு எடுத்து வருகிறார்கள். உலகம் உஷ்ணமாகி வருவதைப் பெரிய பெரிய யந்திரங்கள் அளந்து சொல்கின்றன. அந்தப் பையன்கள் அதைத் தங்கள் ஸ்கேட்டினாலேயே அளக்கிறார்கள்.

அரங்கத்தில் ஆடும் லீக்குக்கு இதனால் உடனே நஷ்டமில்லை. லாரி இருக்கிறது, கிளைகால் இருக்கிறது, வேண்டுமானால் பாலைவனத்திலும் பனித்தளம் போட்டுவிடுவார்கள். நஷ்டம், மட்டை ஒன்றையும் அண்ணனின் பழைய பாதரட்சையையும் எடுத்துக்கொண்டு ஏரிக்கு ஓடும் ஏழைப் பையனுக்கு. பணமில்லாதவன் ஆடக் கற்றுக்கொண்ட இடம் அந்த ஏரிதான். அதுவும் இல்லையென்றால், கட்டணம் செலுத்தக்கூடியவன் மட்டுமே ஆடுகிற ஆட்டமாக அது சுருங்கிப் போகும். பாமர ஜனங்களிடமிருந்து பிரிந்த பிறகு எந்தக் கலையும், எந்த ஆட்டமும் வெகு காலம் உயிரோடிருந்ததாய் நான் கேள்விப்பட்டதில்லை.

சென்னை ஐஸ் ஹவுஸில் இன்று ஐஸ் இல்லை. அதனால் நமக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே வந்து தங்கியவர் பனிக்கட்டியைவிட விலை உயர்ந்த பொருளை நாட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் பாஸ்டன் ஏரிகளில் பனிக்கட்டி இல்லாமற் போனால், அந்த இடத்தில் வைப்பதற்கு அவர்களிடம் வேறு பொருள் என்ன இருக்கிறது? 37 அடி மதிலுக்குப் பக்கத்தில் வருஷத்துக்கொரு நாள் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினால் மட்டும் போதாது. ஏரிக்குக் குளிர்காலம் திரும்பி வரவேண்டும். அதற்கு வழி தேட வேண்டியவர்கள் அவர்கள் மட்டுமல்ல; பானைத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நாமும்தான்.